மூடிய கம்பெனிகளின் செடிகள்

திங்கட்கிழமை காலையில் ஒக்சிம் டீச்சரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் பதில் வராது. பொறியியல் கட்டடத்தின் பின்தாழ்வாரத்தில் ஜன்னலோரமாக வரிசை கட்டி நிற்கும் ஆர்க்கிட் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு கோடியில் இருக்கும் குழாயடிக்குப் போவாள். தொட்டியைக் கழுத்துவரை தண்ணீரில் அமிழ்த்தி, கூழாங்கற்களுக்கு நடுவிலிருந்து குமிழி வருவது நிற்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு வெளியே எடுத்து வடிய வைத்துவிட்டு அடுத்ததற்கு வருவாள். கடைசித் தொட்டியும் வடிந்த பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு, "ஆங், என்ன கேட்டீங்க?" என்பாள். கேட்டவர் அதற்குள் போயிருப்பார்.

எல்லோரும் அதை அவளுடைய பொழுதுபோக்கு என்றே நினைத்தார்கள். செடிப் பைத்தியம் என்று மாணவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அந்தத் தொட்டிகளில் ஒன்றைக்கூட அவள் கடையில் வாங்கியதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

கொரியாவின் சோங்ஜு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொழில்முனைவோர் வகுப்பு ஆரம்பித்தபோது அதற்கு ஓர் அறையும் இரண்டு ஆசிரியர்களும்தான். அறை கொதிகலனுக்குப் பக்கத்தில் இருந்தது. குளிர்காலத்தில் மெல்லிய சட்டையோடு உட்காரலாம், வெயில் காலத்தில் உட்காரவே முடியாது. ஆசிரியர்களில் ஒருவர் புரொஃபசர் தோ. தன் மாணவர்கள் எல்லோரும் பெரிய கம்பெனிகளின் வேலைத் தேர்வுக்கே மனப்பாடம் செய்வதைப் பார்த்துச் சலித்துப்போய், நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி இந்த வகுப்பை வாங்கியவர். இன்னொருத்தி ஒக்சிம். அவளுக்குப் பட்டம் கிடையாது. கணவனோடு நடத்திய, சோயாவில் டோஃபுக் கட்டி செய்யும் பட்டறையை மூடிவிட்டு, ஒரு மருத்துவமனைச் சமையலறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முன்பு அந்தப் பட்டறைக்கு ஓர் அரவை எந்திரம் செய்துகொடுத்த பழக்கத்தில் புரொஃபசர் தோ அவளைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார்.

"எனக்கு என்னங்க தெரியும், காலேஜ்ல வந்து சொல்லிக்குடுக்க?"

"ஒரு பொருளுக்கு விலை போடத் தெரியும்ல? அதைச் சொல்லிக்குடுங்க."

"விலை போடத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் பட்டறையை மூடுறேன்?"

"அதுக்குத்தான் கூப்பிடுறேன். தொறக்கச் சொல்லித்தர ஊர் பூரா ஆள் இருக்கு. மூடின ஆள் ஒருத்தராவது உள்ள இருக்கட்டும்."

வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். மூலப்பொருள், வாடகை, வீணாவது, தன் உழைப்பு எல்லாவற்றையும் சேர்த்து விலை போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். மூடியதைப் பற்றி மட்டும் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. புரொஃபசர் தோவும் அதற்குப் பிறகு அதைக் கேட்கவில்லை.

அந்த ஊரில் ஒரு கம்பெனி கதவு திறந்தால் ஆர்க்கிட் வரும். ஒல்லி ஒல்லியாக இலை, உயரமான பீங்கான் தொட்டி, குறுக்கே ரிப்பன். ரிப்பனின் ஒரு வாலில் வாழ்த்து, மறு வாலில் அனுப்பியவர் பெயர். வகுப்பில் படித்துவிட்டுத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு மாடியில் சின்னச் சின்ன அறைகள் ஒதுக்கியிருந்தார்கள். மாமா, சித்தப்பா, பள்ளிக்கூடத்து நண்பர்கள், வங்கி மேலாளர் என்று ஆளுக்கொரு தொட்டி அனுப்புவார்கள். கம்பெனி மூடும்போது கணினியையும் நாற்காலியையும் விற்பார்கள். காபி எந்திரத்தை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஆர்க்கிட்டை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். வீட்டில் வைத்தால் தினமும் அதன் முகத்தில் விழிக்க வேண்டும். பூட்டிய அறையில் அது தன்பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருக்கும்.

முதல் பேட்ச்சில் பாங் யூரிம் என்ற பெண் சைக்கிளுக்கு மழையுறை செய்யும் கம்பெனி ஆரம்பித்து, இரண்டாவது மழைக்காலம் வருவதற்குள் மூடினாள். அவளுடைய அறையைக் காலி செய்ய வந்த துப்புரவுக்காரர், மீன் படம் போட்ட ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

"டீச்சர், இது குப்பைக்குப் போகுது. வேணுமா?"

ஒக்சிம் வேணும் என்று சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினாள். அப்படித்தான் அந்த வரிசை ஆரம்பித்தது. ரிப்பனைக் கழற்றிப் போட்டுவிடுவாள். எது யாருடையது என்பது அவளுக்கு ரிப்பன் இல்லாமலே தெரியும்.

புரொஃபசர் தோவின் திட்டம் எளிதானது. பழைய மாணவர்கள் திரும்பி வந்து பாடம் எடுக்க வேண்டும், ஒவ்வொரு பேட்ச்சும் அடுத்த பேட்ச்சைக் கைதூக்கிவிட வேண்டும். ஆரம்பத்தில் அது நன்றாகவே நடந்தது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சீனியர் ஒருவர் வந்து பேசுவார். பேசி முடித்ததும் எல்லோருமாக ஓடைக்கரையில் இருக்கும் பன்றிக்கறிக் கடைக்குப் போவார்கள். சாப்பாட்டுக்குச் சீனியர்தான் கொடுப்பார். ஜூனியர் பர்ஸை எடுத்தால் சீனியருக்கு அவமானம்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. கம்பெனி ஓடுகிறவன் வருவான், பேசுவான், பில்லைக் கேட்டு வாங்குவான். கம்பெனியை மூடியவன் எப்படி வந்து ஜூனியர்கள் முன்னால் உட்காருவான்? இந்த மாதம் உடம்பு சரியில்லை என்பான், அடுத்த மாதம் மாமனார் பிறந்தநாள் என்பான், அதற்கடுத்த மாதம் போனையே எடுக்கமாட்டான். வற்புறுத்தினால் அவனுக்குச் சங்கடம் என்று வகுப்பும் விட்டுவிட்டது. தொடங்கியவற்றில் மூடியவையே அதிகம் என்பதால், பேட்ச்சுகள் கூடக்கூட வருகிற சீனியர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வந்த இரண்டு மூன்று பேரும் சொன்னதையே சொன்னார்கள். மாணவர்கள் பின்வரிசையில் தூங்கினார்கள்.

புரொஃபசர் தோ ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்குப் புரொஃபசர் தாக் வந்தார். சுறுசுறுப்பான மனிதர், வேகமாக நடப்பார். வந்த வருடமே நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு விட்டது. பழைய மாணவர்கள் நடத்தும் வகுப்பு என்று சொல்லித்தானே இடம் கேட்டீர்கள், அவர்கள் எங்கே என்று கேட்டது. இலையுதிர்கால மதிப்பீட்டிலும் இப்படியே இருந்தால் வகுப்பைக் கலைத்து, வணிகத்துறையில் ஒரு விருப்பப்பாடமாக்கிவிடுவோம் என்றும் சொன்னது. வகுப்பு போனால் ஒக்சிமின் ஒப்பந்தமும் போகும். அறுபதை நெருங்கும் வயதில் மருத்துவமனைச் சமையலறை அவளைத் திரும்ப எடுக்குமா என்பது சந்தேகம். எடுத்தாலும், இரண்டாவது முறையாக ஒரு கதவைச் சாத்திவிட்டு வர அவளுக்குத் தெம்பில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமைகளில் குழாயடியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

"யோம் ஹேஜுன் ஒருத்தர் மனசு வச்சாப் போதும் டீச்சர்" என்றார் தாக்.

ஹேஜுன் இரண்டாம் பேட்ச். கண்ணாடிக் கூடாரங்களில் காய்கறி வளர்க்கிறவர்களுக்கு ஈரத்தையும் சூட்டையும் அளக்கும் கருவி செய்கிறவன். வகுப்பிலிருந்து போனவர்களில் அவன்தான் பெரிய ஆள். பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவராகி, தன் கம்பெனி ஆட்களை வாரம் ஒருவராக அனுப்பினால் மதிப்பீடு தாண்டிவிடும்.

"புதுக் கட்டடம் தொறக்கிறார். நாம ரெண்டு பேரும் போறோம். வகுப்பு சார்பா ஒரு ஆர்க்கிட் வேணும். நல்லதாப் பாத்து ஏற்பாடு பண்ணிடுங்க. இருக்கிறதுலயே நல்லதா இருக்கணும்."

இருக்கிறதிலேயே நல்லது தாழ்வாரத்தில்தான் இருந்தது. மூன்றாம் பேட்ச் மா தேயிக் விட்டுப்போன தொட்டி. ஆறு வருடமாக இலையைத் தவிர எதையும் காட்டாத செடி, அந்த வசந்தத்தில் கொத்தாகப் பூத்து, தாழ்வாரத்தில் நுழைகிறவர்களை எல்லாம் மணத்தால் நிறுத்தியது. கடைகளில் விற்பது அவசரமாகப் பூக்க வைத்த செடி, அதில் இந்த மணம் வராது. இதற்கு முன்பும் சின்னச் சின்னத் திறப்புகளுக்கு ஒக்சிம் இந்த வரிசையிலிருந்து எடுத்து அனுப்பியிருக்கிறாள். யாரும் எதுவும் கேட்டதில்லை. எங்கிருந்து வந்தால் என்ன, செடி உயிரோடுதானே இருக்கிறது என்பது அவள் எண்ணம்.

பூக்கடையில் புது ரிப்பன் மட்டும் அச்சடித்து வாங்கிக் கட்டினாள். தொட்டியின் அடியிலிருந்து பாதிவரை ஒரு நீலக்கோடு ஓடியது, உடைந்து ஒட்டிய இடம். அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தால் போயிற்று என்று நினைத்தாள்.

திறப்பு விழா மேசையில், தொழில் செழிக்கப் படையலாக வைத்த பன்றித்தலை வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தது. முன்னால் சிவப்புப் பயறு அப்பிய அரிசிக் கேக் ஆவி பறந்தது. ஹேஜுன் கோட்டு சூட்டோடு தரையில் நெற்றி பட விழுந்து வணங்கினான். கட்டடத்தின் நாலு மூலையிலும் அரிசிக் கள்ளைத் தெளித்தார்கள்.

"தலை என்னமாச் சிரிக்குது பாரு! வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகும்டா!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

ஹேஜுனின் அம்மா வந்த ஆர்க்கிட்டுகளை அனுப்பியவர் தகுதிப்படி அடுக்கிக்கொண்டிருந்தாள். வகுப்பின் ரிப்பனைப் படித்ததும் முகம் மலர்ந்தது.

"இது என் புள்ளைக்குத் தாய்வீடு மாதிரி. இது இங்கயா நிக்கிறது?" என்று சொல்லி, தொட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பன்றித்தலைக்குப் பக்கத்தில் வைத்தாள். மணத்தை முகர்ந்து பார்த்தாள். பிறகு நன்றாகத் தெரியட்டும் என்று திருப்பினாள்.

"இதென்ன, ஒட்டின தொட்டியா?"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஓர் ஆள் இரண்டாவது பெட்டி அரிசிக் கேக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். மா தேயிக். கம்பெனியை மூடிய பிறகு மாமனாரின் அரிசிக் கேக் கடையில் வண்டி ஓட்டினான். பெட்டியை வைத்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் நழுவ நினைத்தவன், நீலக்கோட்டைப் பார்த்ததும் தன்னை மறந்தான்.

"அட, இது என் தொட்டி!"

அம்மா திரும்பினாள். "உன் தொட்டியா?"

"நான் ஒட்டினதும்மா. எங்க பசை. நீலமா இருக்கும், அதான் அடையாளம்..." பாதியில் அவனுக்கே புரிந்து நிறுத்திக்கொண்டான்.

"யாருடா இவன்?"

"மூணாம் பேட்ச் தம்பிம்மா" என்றான் ஹேஜுன். "பீங்கான் ஒட்டுற பசைக் கம்பெனி வச்சிருந்தான்."

"வச்சிருந்தான்னா?"

கள் தெளித்துக்கொண்டிருந்தவர் கூடக் கிண்ணத்தோடு நின்றார்.

"மூடின கம்பெனிச் செடியா? புதுக் கட்டடத்துக்கா? ஐயோ, நானே எடுத்துட்டுப் போயித் தலைக்குப் பக்கத்துல வச்சேனே! நாலு மூலைக்கும் மறுபடி தெளிங்கடா!"

ஹேஜுன் ஒக்சிமிடம் வந்தான். அவனுக்குக் கோபம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. "டீச்சர், நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். ஆனா இன்னிக்குப் போயி..."

ஒக்சிம் இடுப்பு மடிய வணங்கினாள். நிமிர்ந்து, தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். வாசல்வரை தாக் கூடவே வந்தார்.

"இனிமே சங்கம், தலைவர்னு எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பேசுறது? நீங்க போங்க. நான் இருந்து சமாதானம் பண்ணிட்டு வர்றேன்."

பஸ் நிறுத்தத்தில் அவள் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோது அரிசிக் கேக் வண்டி வந்து நின்றது.

"ஏறுங்க டீச்சர்."

"பரவால்ல, பஸ் வந்துரும்."

"அதைத் தூக்கிட்டு பஸ்ல ஏறினா டிரைவர் அதுக்கும் டிக்கெட் கேப்பான். ஏறுங்க. என்னாலதானே வந்துச்சு?"

"உன்னால இல்ல."

"இத்தனை வருஷம் வாயைத் தொறக்காம இருந்தேன். இன்னிக்குன்னு பாத்துத் தொறந்தேன் பாருங்க."

வண்டிக்குள் வெந்த அரிசி வாசனையோடு பூவின் மணமும் சேர்ந்துகொண்டது.

"இது செத்திருக்கும்னு நெனச்சேன்" என்றான் தேயிக். "தண்ணிகூட ஊத்தாமப் பூட்டிட்டு வந்துட்டேன்." கண்ணாடியில் பின்னாலிருந்த தொட்டியைப் பார்த்தான். "ஒட்டினது நல்லாத்தான் நிக்குது. எல்லாரும் ஒட்டினது தெரியக்கூடாதுன்னாங்க. நான் தெரியட்டும்னேன். வீம்பு! தெரியாத பசையைத்தான் வாங்கினாங்க."

தொட்டியை இறக்கிவைக்கத் தாழ்வாரம்வரை வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

"மீன் தொட்டி... இது யூரிம் அக்காவோடது. இதுக்குப் பக்கத்துல உக்காந்துதானே சீட்டு ஆடுவோம். இது என் பக்கத்து ரூம்காரனோடது." கோடிவரை போய்த் திரும்பினான். "எல்லாமே மூடினவங்களோடதா டீச்சர்?"

"ஆமா."

"எதுக்கு?"

ஒக்சிம் யோசித்துப் பார்த்தாள். "காஞ்சு கெடந்துச்சு" என்றாள்.

அவன் வரிசையைப் போனில் படம் எடுத்து, வருடக்கணக்காக யாரும் எதுவும் எழுதாமல் கிடந்த பழைய மாணவர் குழுவில் போட்டான். முதல் பதில் அன்று மாலையே வந்தது. *அந்த மீன் தொட்டி என்னோடது. எவன்டா திருடினது?*

யூரிம் அந்த வாரமே வந்தாள். அப்போது ஒக்சிம் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள், கதவு திறந்திருந்தது. தாழ்வாரத்தில் மீன் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவளை உள்ளே வந்து உட்காரும்படி கையைக் காட்டினாள். உட்கார்ந்ததும் முன்வரிசையிலிருந்த துடுக்கான பெண் ஒருத்தி திரும்பிக் கேட்டாள்.

"அக்கா எந்த பேட்ச்?"

"முதல் பேட்ச்."

"என்ன கம்பெனி?"

"சைக்கிளுக்கு மழையுறை. இப்ப இல்ல."

"ஏன் இல்ல?"

சீனியரிடம் யாரும் கேட்காத கேள்வி. ஒக்சிமின் கையில் சாக்பீஸ் நின்றது. யூரிம் ஒரு கணம் தன் கைப்பையைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள்.

"மழை பெஞ்சா ஜனங்க சைக்கிளை வீட்டுல விட்டுட்டு பஸ்ல போறாங்க. இது எனக்குக் கம்பெனியை மூடின பிறகுதான் உறைச்சுது. இத்தனைக்கும் மழை பெஞ்ச அன்னிக்கெல்லாம் நானே பஸ்லதான் வந்தேன்!"

வகுப்பு அதிர்ந்து சிரித்தது. பின்வரிசையில் தூங்கியவன் எழுந்து, என்ன, என்ன என்று கேட்டான். யூரிம் மணி அடிக்கும்வரை பேசினாள். யாரிடம் கேட்காமல் விட்டாள், யார் புகழ்ந்ததை நம்பினாள், மூடுகிற முடிவை எவ்வளவு தாமதமாக எடுத்தாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒக்சிம் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் மாணவர்கள் யூரிமைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, வாங்க, சாப்பிடப் போலாம்."

யூரிமின் முகம் மாறியது. பையைத் தோளில் மாட்டினாள். "இல்ல, எனக்கு ஒரு வேலை இருக்கு. இன்னொரு நாள்..."

இந்த முகத்தை ஒக்சிம் பல பேட்ச்சுகளாகப் பார்த்திருக்கிறாள். இன்னொரு நாள் என்றால் வரமாட்டார்கள் என்பதும் தெரியும்.

"மூடினவங்க பில் கொடுக்கக் கூடாது" என்றாள். தன் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "ஜூனியர்தான் கொடுக்கணும்."

"அதெப்படி டீச்சர்? வழக்கம்னு ஒண்ணு..."

"நான் பட்டறையை மூடினப்ப ஒருத்தரும் என்னை ஒரு வேளைச் சோத்துக்குக் கூப்பிடல. கூப்பிட்டிருந்தா போயிருப்பேன்."

அந்த அறையில் அவள் பட்டறையைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்புறம் துடுக்கான பெண் யூரிமின் பையைத் தோளிலிருந்து கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "பை எங்கிட்ட இருக்கு. இனி எப்படி ஓடுறீங்கன்னு பாக்குறேன்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். செடியைப் பார்க்க வந்தேன் என்பார்கள், வகுப்பில் வந்து உட்காருவார்கள், மூடிய கதையையே பாடமாகச் சொல்வார்கள். சிலர் தொட்டியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள், பலர் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். ஒருத்தன் தன் தொட்டியைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் போய்விட்டான், திரும்பி வரவே இல்லை. தேயிக் வெள்ளிக்கிழமைதோறும் மிஞ்சின அரிசிக் கேக்கோடு வந்தான்.

தாக் ஹேஜுனிடம் இரண்டு தடவை போய்ப் பேசினார். பார்க்கலாம் என்றே பதில் வந்தது. மதிப்பீட்டுக்கு முன்னால் தாழ்வாரத்தைக் காலி செய்யச் சொன்னார்.

"வர்றவங்க கேட்டா என்ன சொல்றது? மூடின கம்பெனிக்கெல்லாம் கல்லறை கட்டி வச்சிருக்கோம்னா?"

தேயிக் அப்போது பெட்டியோடு பக்கத்தில் நின்றான். "புரொஃபசர், அவங்க பழைய மாணவங்க பாடம் எடுக்கணும்னுதானே கேட்டாங்க? கம்பெனி ஓடணும்னு கேட்டாங்களா?"

தாக் அவனைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "ஒரு கேக் குடு" என்றார். நின்றபடியே தின்றுவிட்டுப் போனார். தொட்டிகளைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். தேயிக் பாடம் எடுத்து முடித்ததும் அவர்களில் ஒருவர் கேட்டார்.

"உங்க கம்பெனி இப்ப எப்படிப் போகுது?"

"போயிருச்சுங்க."

மாணவர்கள் சிரித்தார்கள், கேட்டவர் சிரிக்கவில்லை. மூடின ஆள் சொல்லிக்கொடுத்து யார் என்ன கற்றுக்கொள்வது என்று கேட்டார். துடுக்கான பெண் எழுந்து, தான் தொடங்க நினைத்த கம்பெனியைத் தொடங்குவதற்கு முன்பே கைவிட்டுவிட்டு வேறொன்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். "யூரிம் அக்கா சொன்னதைக் கேக்கலன்னா இந்நேரம் எங்கப்பா பணத்தைக் கரைச்சிருப்பேன்" என்றாள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வகுப்பை இரண்டு வருடத்துக்கு நீட்டித்தார்கள், சந்தேகத்தோடுதான்.

பிறகும் நீட்டித்தார்கள். இப்போது வகுப்பு கொதிகலன் அறையை விட்டு ஒரு முழு மாடிக்கு வந்துவிட்டது. பாடம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் பழைய மாணவர்கள், அவர்களில் பாதிக்கு மேல் மூடியவர்கள். யூரிம் வேறொரு கம்பெனி தொடங்கியிருக்கிறாள், அது ஓடுகிறது. அதனால் இப்போது பில் கொடுப்பது அவள்தான். ஹேஜுனின் கம்பெனியும் நன்றாகவே போகிறது. வருடத்துக்கு ஒருமுறை ஓர் எஞ்சினியரை அனுப்புகிறான், தான் வருவதில்லை. அவன் அம்மா வகுப்பிலிருந்து எது போனாலும் வாங்குவதில்லை. தொட்டிகளுக்கு இப்போது திங்கட்கிழமைகளில் தேயிக்கும் தண்ணீர் விடுகிறான், பேசிக்கொண்டே. நீலக்கோட்டுத் தொட்டி அந்த வருடத்துக்குப் பிறகு பூக்கவில்லை, இலை நன்றாக இருக்கிறது. ஒக்சிம் விலை போடச் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடைய ஒப்பந்தம் இன்னும் வருடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது.